உப்புக்காற்று என்றால் வாரண்டி கிடையாதா?
கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே வண்டியை சர்வீஸுக்கு விட்டுவந்தால் வாரண்டியில் சிக்கல் வராது என்கிறது கார் வாரண்டி பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. பாம்பன், மண்டபம் பக்கம் அப்படி இல்லை. ஒரு சர்வீஸ்கூடத் தவறாத எங்கள் காரில் கதவின் அடிவிளிம்பில் பெயின்ட் கொப்பளித்து, நகம் பட்டாலே துருவாக உதிர்ந்தது. 'உப்புக்காற்று, வாரண்டியில் வராது' என்று டீலர் கையை விரித்துவிட்டார். கடற்கரை ஊர் என்று சொல்லியே துருத்தடுப்புப் பூச்சுக்குத் தனியாகப் பணம் வாங்கியவரும் அவரேதான்! அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், வழக்குப் போடலாம் என்றால் வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்று எழுதியிருக்கிறார். வக்கீல் கட்டாயமில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. சர்வீஸுக்கு விடும்போது வண்டியின் குறைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் 'துரு' என்று எழுதவைத்து, நகல் வாங்காமல் மட்டும் வண்டியை எடுத்து வராதீர்கள்.