வீட்டில் இருக்க விடுங்களேன்!

கிறிஸ்துமஸுக்கு எங்கேயாவது போயே ஆக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? 24ஆம் தேதி எங்கள் பெங்களூர் சிவாஜிநகர் பசிலிக்காவில் ராத்திரிப் பூசை, மறுநாள் வீட்டில் மட்டன் பிரியாணி, அச்சு முறுக்கு, சாப்பிட்டுவிட்டு நல்ல தூக்கம், இவ்வளவுதான் எங்கள் திட்டம். உடனே "அய்யோ, எங்கேயும் போகலையா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் ஒரு கேள்வி. பிரிகேட் ரோட்டு சீரியல் லைட்டைப் பார்க்கப் போய், முன்னால் நிற்பவர் முதுகைப் பார்த்துவிட்டு வருவதில் அப்படி என்ன புண்ணியம்? இதில் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழு வேறு. சீக்ரெட் சாண்டாவாம், சிவப்புச் சட்டை கட்டாயமாம், எல்லாரும் கீழே வரணுமாம், அதுவும் சரியாக நான் பிரியாணிக்குத் தம் போடுகிற நேரத்தில்! வாசலில் பஞ்சில் பனி வேறு கொட்டியிருக்கிறார்கள். 15 டிகிரிக்கே குரங்குக் குல்லா மாட்டுகிற ஊர் இது, பனி பெய்தால் தாங்குமா? அப்புறம் அந்த பிளம் கேக். வருகிறவர் கையில் எல்லாம் அதே டப்பா, ஃபிரிட்ஜில் தோசை மாவுக்கு இடமில்லை. போதாததற்கு கோலார் தங்கவயலிலிருந்து சித்தி வீடியோ காலில், "மரம் எங்கே, காட்டு" என்கிறார். பால்கனியில் ஸ்டார் தொங்குதே சித்தி, அது கண்ணில் படலையா?