நான்கு மைதானம் வேண்டாம், இரண்டு போதும்

பொதுப் பூங்காவில் சிறுவர்களுக்கான பேஸ்பால் வளாகம் என்று யார் வரைபடத்தை விரித்தாலும் பெரும்பாலும் ஒரே உருவம்தான். நடுவில் கழிப்பறையும் தின்பண்டக் கடையும். அவற்றைச் சுற்றி நான்கு திசைகளிலும் விசிறிகளாக விரியும் நான்கு மைதானங்கள். மேலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளைகள் மேலிருந்தா ஆடுகிறார்கள்?

இந்த அமைப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. குடிநீர்க் குழாயும் மின் இணைப்பும் ஓரிடத்தில் முடிந்துவிடும். போட்டித் தொடர் நடத்துபவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் சூரியனை யாரும் கலந்தாலோசிப்பதில்லை.

மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து பந்தெறியும் மேடு வழியாக இரண்டாம் பேஸுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய நிலைகளில் இரண்டாவது) போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று ஆட்டத்தின் விதிப்புத்தகமே சொல்கிறது. பிற்பகல் வெயில் மட்டையாளரின் முகத்தில் அடிக்கக் கூடாது என்பதற்காகத்தான். நான்கு மைதானங்களை முதுகோடு முதுகு சேர்த்து வைத்தால் ஒன்று சரியாக அமையும். அதற்கு நேர் எதிரே இருப்பது மேற்கைப் பார்த்து நிற்கும். பிள்ளைகள் ஆட வருவதோ பள்ளி விட்ட பிறகு, வெயில் தாழும் நேரத்தில். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் மைதானத்தில் பந்தெறியும் தூரம் 46 அடி. மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து அதை ஏறக்குறைய அரை நொடியில் கடந்துவிடும். கண் கூசிக்கொண்டு நிற்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த அரை நொடியும் மிஞ்சாது.

இன்னொன்று, எல்லாரும் கூடி நிற்கும் அந்த நடுமுற்றம் நான்கு ஹோம் பிளேட்டுகளுக்கும் பின்புறம். மட்டையில் பட்டு ஆட்டக் கோட்டுக்கு வெளியே சிதறும் ஃபவுல் பந்துகள் வந்து விழும் இடமே அதுதான். கைக்குழந்தையோடு கடை வரிசையில் நிற்பவர் எந்தப் பந்தைப் பார்ப்பார்? தலைக்கு மேல் வலை கட்டாமல் அந்த முற்றத்தைத் திறப்பதை என்னால் ஏற்க முடியாது.

இடக் கணக்குக்கு வருவோம். வேலி 200 அடியில் இருந்தால், ஃபவுல் பகுதியைச் சேர்க்காமலே நான்கு மைதானங்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய மூன்று ஏக்கர் போய்விடும். இத்தனைக்கும் இது பன்னிரண்டு வயது வரைக்கான அளவு. பேஸ்களுக்கு இடையே 60 அடி. வளர்ந்த பிள்ளைகளுக்கு 90 அடி வேண்டும், பந்தெறியும் தூரமும் 60 அடி 6 அங்குலமாகிவிடும். நான்கையும் ஒரே அளவில் கட்டிவிட்டு, பதின்மூன்று வயதானவர்களை எங்கே அனுப்புவது?

என் விருப்பம் இரண்டே மைதானங்கள். ஒன்று சிறியவர்களுக்கு, ஒன்று பெரியவர்களுக்கு, இரண்டும் சரியான திசை பார்த்து. மிச்சமாகும் பணத்தை மண்ணுக்கடியில் போடுங்கள். மண்தளத்துக்கு அரை முதல் ஒரு சதவீதம் சரிவு தேவை. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சரிவு தவறினால் ஒரு மழைக்கே தளம் சேற்று வயலாகிவிடும். பிறகு பராமரிப்பு. ஓடும் கால்கள் தள்ளும் மண் புல் விளிம்பில் வரப்பாகச் சேர்ந்து தண்ணீரை உள்ளேயே தேக்கும். அதை அவ்வப்போது சீவி எடுக்க ஆளும் நேரமும் ஒதுக்காத திட்டம் திட்டமே அல்ல. மின்னணு ஸ்கோர்போர்டுக்கு நன்கொடையாளர் கிடைப்பார். வடிகாலில் பெயர்ப்பலகை மாட்ட முடியாதே, அதற்கு யார் வருவார்கள்?

நிழலை வரைபடத்தில் கடைசியாகத்தான் வரைகிறார்கள், வரைந்தால். ஆட்டக்காரர்கள் உட்காரும் டகவுட்டுக்குக் கூரை உண்டு. பார்க்க வரும் தாத்தா பாட்டிக்கு வெயிலில் கொதிக்கும் அலுமினியப் பலகை. இருக்கும் மரங்களை வெட்டாமல், அவற்றின் நிழல் விழும் பக்கமாக இருக்கைகளைப் போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்குப் பார்வையாளர் இடம் மட்டும் போதாது, ஆடவும் வழி வேண்டும். பேஸ்கள் தட்டையாகப் பதிந்த ரப்பர் தளங்கள் அதற்காகவே இருக்கின்றன.

வேலியில்தான் எனக்கு உண்மையான கோபம். ஆட்டம் இல்லாத நாட்களிலும் பூட்டுத் தொங்கும் வளாகம் பூங்காவின் பகுதி அல்ல, பூங்காவிலிருந்து பிடுங்கிய நிலம். பந்து பறக்கும் இடங்களில் நிலையான வலையும், வெளிவட்டத்துக்குக் கழற்றி மாட்டும் வேலியும் போதும். மற்ற நாட்களில் அங்கே பட்டம் விடட்டும், நடக்கட்டும், சும்மா படுத்துக் கிடக்கட்டும்.

இரண்டு மைதானம் என்றால் போட்டித் தொடர் வருமானம் போய்விடும் என்பார்கள். வெளி அணிகள் வந்து குவியும் அந்த வார இறுதிகளில் பக்கத்துத் தெருக்கள் முழுவதும் கார்கள் நிற்கும், விளக்குக் கம்பங்களின் ஒளி இரவில் படுக்கையறை வரை வரும், பூங்காவுக்கு வழக்கமாக வருபவர்களுக்கு உள்ளே இடமிருக்காது. வருமானக் கணக்கைக் காட்டுபவர்கள் இந்தச் செலவையும் அதே தாளில் எழுதிக் காட்டட்டும், பிறகு பேசலாம்.