தகரம் என்று சொன்னவருக்கு

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் பழைய கார் கண்காட்சியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே நின்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய இரண்டு கதவுக் காரின் பானெட்டைத் தட்டி, "உள்ளே சாதா இன்ஜின், வெளியே ஸ்போர்ட்ஸ் கார் வேஷம், வெறும் தகரம்" என்றாரே ஒரு சார், அது மூன்று நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சார், ஸ்போர்ட்டி கூபே, அதாவது கூரை தாழ்ந்த இரண்டு கதவுக் கார் என்ற வகையே அப்படிப் பிறந்ததுதான். சாதா வண்டிக்கு அழகான உடம்பு. 1955-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கார்மன் கியாவின் அடியில் இருப்பது அதே கம்பெனியின் சாதா கார் பீட்டில். 1964 ஏப்ரலில் வந்த ஃபோர்டு மஸ்டாங்கின் அடியில் இருப்பது ஃபால்கன் என்கிற குடும்பக் கார். நீண்ட பானெட், குட்டை டிக்கி, தாழ்ந்த கூரை. அதற்கே முதல் நாளில் 22,000 ஆர்டர், இரண்டு வருஷம் முடிவதற்குள் பத்து லட்சம் வண்டி. வாங்கியவர்கள் எல்லாம் ஏமாளிகளா? அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதான் வாங்கினார்கள். உடம்புக்குத்தான் காசு கொடுத்தார்கள்.

ஹெரால்டை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலொட்டி. 1961 முதல் மெட்ராஸில் செய்தார்கள். அதே சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குட்டையாக்கித்தான் 1962-இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது, அதையும் வரைந்தது இவரே. ஸ்பிட்ஃபயரைப் பார்த்தால் கைதட்டுவீர்கள், ஹெரால்டு என்றால் தகரமா?

ஹெரால்டின் 948 சிசி இன்ஜின் என்ன ஓட்டம் ஓடும் என்பீர்கள். ஓடாதுதான், அது பேச்சே இல்லை. வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்கும் என்பதும் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். குடும்பத்துக்கு இரண்டு கதவு போதாது என்றுதான் கம்பெனியே பிறகு நான்கு கதவு போட்டது, அதுவும் சரி. ஆனால் "வெறும் அழகு என்பதால்தான் கூபேக்கள் அழிந்தன" என்று கமெண்டில் ஒருவர் எழுதியிருப்பது சுத்தத் தப்பு. 1973-இல் பெட்ரோல் விலை ஏறியது. 1976-இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ என்ற கார் வந்து, வேகத்தோடு பின்சீட்டில் இடமும் பெரிய பின்கதவும் கொடுத்தது. காரணம் இவை. கோர்ட்டினா என்ற குடும்பக் காரின் மேல் கட்டிய ஃபோர்டு காப்ரி கூபே 1986 வரை தாக்குப்பிடித்து 18 லட்சத்துக்கும் மேல் விற்றது, சார். அழகு யாரையும் அழிக்கவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு: எங்கள் மாமாவுக்குத் தக்கலையில் டிங்கரிங் கடை இருந்தது. பள்ளிக்கூட லீவில் அங்கேதான் கிடப்பேன். குலசேகரத்து ரப்பர் எஸ்டேட்காரர் ஒருவரின் ஹெரால்டு வந்தது, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற அந்தப் புருவம் நசுங்கிப்போய். அரை நாளில் பட்டி போட்டு நிரப்பித் தேய்த்துக் கொடுத்திருக்கலாம். இரண்டு மழையும் பெய்கிற நம் ஊரில் அது வெடித்துக் கொட்டிவிடும் என்று மாமா மறுத்துவிட்டார். அடியில் இரும்புக் கட்டையைக் கொடுத்து, மேலே சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினார். ஐந்து நாள். நடுநடுவே பழைய பனியன் துணியை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவார். "கண்ணுக்குத் தெரியாத பள்ளம் கைக்குத் தெரியும் மக்கா" என்பார். என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் இன்னும் அரை மணி நேரம் தட்டினார்.

இதைத்தான் நீங்கள் வேஷம் என்றீர்கள். இன்ஜினைச் செய்தவன் மட்டும்தான் வேலைக்காரனா? இது என்ன கணக்கு?

அந்தச் சுத்தியல் சத்தத்திலேயே மாமாவுக்குக் காது போய்விட்டது. நேற்று அந்த வீடியோவை அவரிடம் காட்டினேன். நீங்கள் பேசியது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மோதிரம் போட்ட கையாலயா தட்டுகாரு? பெயிண்டுல்லா போகும்" என்றார்.