ஃபெலிசிட்டாஸ் மெண்டெஸின் பெயரையும் சொல்லுங்கள்

செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம். அந்த நாட்களில் 'முதல் லத்தினா' (லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்) பட்டியல்கள் வரிசையாகக் கண்ணில் படும். 1993இல் விண்வெளிக்குப் போன எலன் ஓச்சோவா, 2009இல் உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயர். இருவரையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் நான் தேடும் ஒரு பெயர் மட்டும் பெரும்பாலும் அகப்படுவதில்லை: பள்ளியில் பிள்ளைகளைப் பிரித்துவைத்ததை எதிர்த்து வழக்காடிய தாய் ஃபெலிசிட்டாஸ் மெண்டெஸ்.

போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். கணவர் கொன்சாலோ பிறந்தது மெக்சிகோவில். 1940களில் கலிபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டரில் 40 ஏக்கர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆஸ்பாரகஸ் பயிரிட்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர்களான முனெமிட்சு குடும்பம், ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் உலகப் போர்க்காலத் தடுப்பு முகாமில் அப்போது அடைபட்டிருந்தது. ஒருவருக்கு நடந்த அநீதியால் காலியான மண்ணில்தான் இன்னோர் அநீதிக்கு எதிரான வழக்குக்குப் பணம் விளைந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

ஃபெலிசிட்டாஸின் குழந்தைகளையும் தன் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்க அத்தை, அதாவது கொன்சாலோவின் சகோதரி, கூட்டிக்கொண்டு போனார். அத்தையின் பிள்ளைகள் வெளுத்த நிறம்; அவர்களுக்கு இடம் உண்டு. ஃபெலிசிட்டாஸின் எட்டு வயது மகள் சில்வியாவும் அவள் தம்பிகளும் மெக்சிகன் பிள்ளைகளுக்கென்று தனியாக இருந்த 'மெக்சிகன் பள்ளி'க்குத்தான் போக வேண்டுமாம். என் பிள்ளைகளுக்கும் உங்கள் பள்ளி வேண்டாம் என்று அத்தை எல்லாரையும் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். அந்த அத்தை சோலெடாட் விடௌரியையும் நான் முன்னோடி என்றுதான் சொல்வேன்.

1945இல் இன்னும் நான்கு குடும்பங்களோடு சேர்ந்து, இந்தப் பிரிவினையை எதிர்த்து மெண்டெஸ் தம்பதி வழக்குப் போட்டார்கள். கொன்சாலோ வீடு வீடாகப் போய்ச் சாட்சி சொல்ல ஆள் திரட்டினார். விதைப்பு, அறுவடை, கூலியாட்கள், கணக்கு எல்லாம் ஃபெலிசிட்டாஸின் தலையில். மெக்சிகன் பிள்ளைகளுக்குச் சுத்தம் போதாது, ஆங்கிலம் வராது என்று கல்வி அதிகாரிகள் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். பிள்ளைகளே சாட்சிக் கூண்டில் ஏறி ஆங்கிலத்தில் பேசிக் காட்டினார்கள்.

1946இல் வெற்றி. 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. இரண்டே மாதத்தில், கலிபோர்னியாவின் சட்டப் புத்தகத்தில் பள்ளிகளில் பிள்ளைகளைப் பிரித்துவைக்க இடம் தந்து மிச்சமிருந்த விதிகளை நீக்கும் சட்டத்தில் ஆளுநர் ஏர்ல் வாரன் கையெழுத்திட்டார். அதே வாரன்தான் 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து, பள்ளிகளில் நிறப்பிரிவினை நாடு முழுவதும் செல்லாது என்று தீர்ப்பு எழுதினார்.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை, உண்மைதான். ஆனாலும் எலன் ஓச்சோவா 1958இல் பிறந்து, படித்து வளர்ந்தது இந்தக் கலிபோர்னியாவில்தான். 'முதல்' என்று ஒருவரைக் கொண்டாடும்போது, அவருக்கு முன்னால் பள்ளிக் கதவைத் திறந்துவைத்த தாயின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். வயலையும் வழக்கையும் ஒன்றாகச் சுமந்தவளை 'போராளியின் மனைவி' என்று ஒற்றை வரியில் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபெலிசிட்டாஸ் 1998இல் இறந்தார். இந்தக் கதை யாருக்கும் தெரியவில்லையே என்ற வருத்தம் கடைசிவரை அவருக்கு இருந்தது. செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற மகள் சில்வியா, அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காகப் பள்ளி பள்ளியாகப் போய் அதைச் சொல்லத் தொடங்கினார். 2011இல் வெள்ளை மாளிகையில் அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை அவர் கழுத்தில் ஒபாமா அணிவித்தார்.