ஒரு குழி, ஒரு அலாய் வீல்

மழை இரவில் தண்ணீர் நிறைந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. டமார் என்று ஒரு சத்தம். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகத்தான் வீடு வந்தேன். மறுநாள் வேகம் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது.

கடையில், பேலன்சிங் செய்தால் போதும் என்று சக்கரத்தில் எடைக்கட்டி ஒட்டி அனுப்பினார்கள். உதறல் போகவில்லை. எப்படிப் போகும்? எடை சமமானாலும் வட்டம் வட்டமாக இல்லையே! கடைசியில் வீலைக் கழற்றிச் சுழற்றிப் பார்த்தால் உள்பக்க விளிம்பு நெளிந்திருக்கிறது. இதை முதலிலேயே பார்த்திருக்கக் கூடாதா?

அப்புறம் ஒருவர், தட்டி நிமிர்த்திவிடலாம் என்றார். இரும்பு ரிம் என்றால் சரி. இது வார்ப்பு அலுமினியம், தட்டினால் விரிசல் விடும். சூடாக்கி நிமிர்த்தினாலும், சூடு மிஞ்சினால் ஆலையில் பதப்படுத்தி ஏற்றிய வலிமை போய்விடும். லேசான நெளிவை ப்ரஸ் என்கிற அழுத்தும் இயந்திரத்தில் வைத்து மெதுவாக எடுக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விரிசல் இருக்கிறதா என்று சாயம் தடவிச் சோதிக்காமல் சுத்தியலை எடுப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. குழந்தைகள் உட்கார்ந்து வருகிற வண்டி இது.

சரி, புதுசே வாங்கலாம் என்றால் நான்காகத்தான் தருவார்களாம். ஒற்றையாகக் கிடைத்த ஒன்றில் போல்ட் வட்டம், அதாவது போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், 112 மில்லிமீட்டர், என் வண்டிக்கு 114.3. 2.3 மில்லிமீட்டர்தானே, இறுக்கினால் உட்கார்ந்துவிடும் என்கிறார்கள். நட்டு சரியாக உட்காராத சக்கரம் ஓட்டத்தில் தளர்ந்தால் யார் பொறுப்பு?

இன்னும் ஸ்டெப்னியில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.