துப்பாக்கியில் இருக்கிற கெத்தை எடுத்துவிட ஒரு தாத்தா வேண்டும்

பிள்ளைகளுக்குக் குறிபார்த்துச் சுடச் சொல்லிக்கொடுக்கலாமா கூடாதா என்று எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நாளாகவே பேச்சு ஓடுகிறது. காரணம் எங்க அப்பா. மணிமுத்தாறு போலீஸ் பட்டாலியனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோடை லீவுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ஊருக்குப் போகும் என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஏர்கன்னில், அதாவது காற்றழுத்தத்தில் குண்டைத் தள்ளுகிற துப்பாக்கியில், சுடப் பழக்குகிறார். பெரியவள் எட்டாவது, சின்னவன் ஐந்தாவது. குழுவில் பாதிப் பேர் "பச்சப் புள்ளைக கையில துப்பாக்கியா?" என்கிறார்கள். மீதிப் பேர் "எங்க வீட்டுப் பிள்ளையையும் அனுப்பட்டுமா?" என்கிறார்கள். இரண்டு தரப்புக்குமே எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதலில் பயப்படுகிறவர்களுக்கு. அந்தப் பயம் நியாயமானது. நம்ம திருநெல்வேலி மாவட்டத்தில் பிள்ளைகளையும் ஆயுதத்தையும் சேர்த்து நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்த பிள்ளைகளே வீடு ஏறி அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களில் சாதிப் பிரச்சினையைப் பற்றி ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு போட்டது. அரிவாளைத் தூக்கிக்கொண்டு ரீல்ஸ் போட்டதற்காகப் போலீஸ் பிடித்தது என்று இன்னமும் செய்தி வருகிறது. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சுடப் பழக்குகிறேன் என்று ஒருத்தி சொன்னால், ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

என் பதில் இதுதான். நம்ம பிள்ளைகளைக் கெடுப்பது ஆயுதம் மேல் ஏறிக் கிடக்கிற கெத்து. அரிவாளைக் கையில் பிடித்துப் படம் எடுத்துப் போடுகிற பையனுக்கு அது ஒரு தோரணை. போனில் சுடும் விளையாட்டு ஆடுகிற பிள்ளைக்கு அது வெறும் விரல் வேலை. செத்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வந்துவிடுவான். தீபாவளிக்கு வாங்கித் தருகிற பொட்டுவெடித் துப்பாக்கியைத் தம்பி நெற்றியில் வைத்து அழுத்துகிறது குழந்தை. நாமும் சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். துப்பாக்கி என்றால் ஆளைப் பார்த்து நீட்டுகிற சாமான் என்ற பாடத்தை நாம்தான் மூன்று வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். யாரும் எதுவும் கற்றுக்கொடுக்காவிட்டால் பிள்ளைகள் துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வளர்வார்கள் என்று நினைப்பது வெறும் ஆசை.

அதைத் திருத்த வேண்டுமென்றால், துப்பாக்கியைக் கெத்தாகவே பார்க்காத ஒரு ஆள் வேண்டும். வேலையாக மட்டும் பார்த்த ஆள். வருஷக் கணக்கில் அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, எண்ணி வாங்கி எண்ணித் திருப்பிக் கொடுத்த ஆள். அப்பாவுக்குத் துப்பாக்கி என்றால் முதலில் ஞாபகம் வருவது கணக்குதான். ரேஞ்சில், அதாவது சுடப் பழகுகிற மைதானத்தில், சுட்டு முடித்தால் காலித் தோட்டாவைக்கூடப் பொறுக்கி எண்ணி ஒப்படைக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் தேடிக் கொடுக்காமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது என்று சொல்வார். சினிமாவில் வருகிற மாதிரி ஒரு கதைகூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவர் பழக்குகிற விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் ஆதரிப்பது அந்த விதத்தைத்தான்.

முதல் சில நாட்கள் பெல்லட்டே, அதாவது ஏர்கன்னில் போடுகிற சின்னக் குண்டே, கிடையாது. துப்பாக்கியை எப்படித் தூக்குவது, எப்படி வைப்பது, யாரிடமாவது கொடுப்பதென்றால் குழலை லேசாகத் திறந்து காலி என்று காட்டிவிட்டு எப்படிக் கொடுப்பது, இவ்வளவுதான். காலி என்று தெரிந்தாலும் குண்டு இருக்கிற மாதிரியே கையாள வேண்டும். குழல் முனை ஆள் பக்கமோ மாட்டுத் தொழுவம் பக்கமோ திரும்பவே கூடாது. குறிபார்த்து முடிகிற வரை விரல் ட்ரிகருக்கு வெளியே நீட்டியபடி இருக்க வேண்டும். குறிபார்க்கிற அட்டையைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சின்னவனுக்கு இது மகா சலிப்பு. "எப்ப தாத்தா சுடலாம்?" என்று நச்சரித்தான். "அவசரம் என்னலே? அட்டை எங்கயும் ஓடிப் போவாது" என்றார்.

இடத்தை அவர் தேர்ந்தெடுத்ததே ஒரு பாடம். பின்பக்கம் தென்னந்தோப்பு விசாலமாக இருக்கிறது. ஆனால் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்கள் அதன் வழியாகத்தான் போவார்கள், ஆடு மேய்க்கிறவர்கள் வருவார்கள். அது வேண்டாம் என்றுவிட்டார். தொழுவத்துக்கு அந்தப்புறம், பின்னால் உயரமான மண்கரை இருக்கிற ஒரு ஒடுக்கமான இடம். அங்கே மண் நிரப்பிய சாக்கு மூட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, அதன்மேல் அட்டை. கல்சுவரிலோ தகரத்திலோ சுட்டால் குண்டு திரும்பி வரும், கண் போய்விடும் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மூன்று பேருக்கும் கண்ணைக் காக்கிற கண்ணாடி கட்டாயம். ஆச்சி வேடிக்கை பார்க்க வந்தால் அவளுக்கும்தான்.

எங்களிடம் இருப்பது குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றுகிற பழைய மாதிரி ஏர்கன். பிள்ளைகளின் கைபலத்துக்கு அது ஸ்பிரிங் ஏறுகிற அளவுக்கு மடங்காது. ஒவ்வொரு தடவையும் தாத்தாதான் மடக்கித் தர வேண்டும். இது ஒரு குறை என்று முதலில் தோன்றும். யோசித்துப் பார்த்தால் இதுதான் பெரிய பாதுகாப்பு. பெரியவர் கைபடாமல் ஒரு குண்டுகூட வெளியே போகாது. பெல்லட் வைக்கிற வரை மடக்கிய குழலை அவர் கையிலிருந்து விடுவதில்லை. ட்ரிகர் தவறித் தட்டிவிட்டால் குழல் படாரென்று நிமிர்ந்து விரலை நசுக்கிவிடும். போட்டிகளில் சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு கயிறு செருகி வைக்க வேண்டும் என்பது விதி. காலி என்று தூரத்தில் இருந்தே எல்லோருக்கும் தெரிவதற்காக. அப்பா அதற்குப் புல்வெட்டும் மெஷினில் போடுகிற ஆரஞ்சு நரம்பை வெட்டி வைத்திருக்கிறார்.

அவருடைய விதிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது "நிறுத்து". யார் வேண்டுமானாலும் சொல்லலாம், யார் சொன்னாலும் உடனே நிற்க வேண்டும், ஏன் என்று அப்புறம்தான் கேட்க வேண்டும். ஒரு நாள் தாத்தாவே சுட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். கன்னத்தை வைத்துக் குறி பார்க்கிற நேரம். சின்னவன் திடீரென்று "நிறுத்து!" என்று கத்தினான். அவர் அப்படியே விரலை வெளியே எடுத்து, குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தி, காலி செய்து கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தார். மண்கரைமேல் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று ஏறி நின்றது. குண்டு அவ்வளவு உயரத்துக்குப் போயிருக்காதுதான். ஆனாலும் பையனின் தோளைத் தட்டி, "சரியாச் சொன்னலே. நாளைக்கு அந்த எடத்துல ஆளு நிக்கும்" என்றார். போலீஸில் இருந்த தாத்தா தன் ஒரு வார்த்தைக்குக் கட்டுப்பட்டதைப் பார்த்த அந்தப் பையனின் முகத்தை நான் பார்த்தேன். அன்றைக்கு அவன் சுடவே இல்லை, அதைக் கேட்கவும் இல்லை.

சுடுகிற நுட்பத்தில் நிறையச் சொல்ல எனக்குத் தெரியாது. கண்ணை அட்டையில் வைக்காமல் குழல் முனையில் குறிபார்க்க இருக்கிற ஃபோர்சைட் என்ற முனையில் வைக்க வேண்டும். அட்டை மங்கலாகத்தான் தெரியும், தெரியட்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, ட்ரிகரை மெதுவாக அழுத்த வேண்டும். கை ஆடினால் சுடாமல் இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். நடுவில் பட்டதா என்று அவர் பார்ப்பதே இல்லை. ஐந்து குண்டும் ஒரே இடத்தில் கூடி விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். கூடி விழுந்தால் குறிபார்க்கிற சைட்டைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம், சிதறி விழுந்தால் ஆள்தான் மாற வேண்டும் என்பார். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தின்பண்டம் கிடையாது. பெல்லட் ஈயம். சிந்தியதைப் பொறுக்காமல் விட்டால் கோழி கொத்தித் தின்றுவிடும்.

இந்த 4.5 மில்லிமீட்டர் குண்டையும் 10 மீட்டர் தூரத்தையும் வைத்துத்தான் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினார். ஏர் ரைபிள் போட்டி அட்டையில் பத்து வளையமும் சேர்ந்தே 45.5 மில்லிமீட்டர்தான், நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். பிள்ளைகளுக்கு அது ஆகாது என்று பிஸ்டல் போட்டி அட்டையை மாட்டுகிறோம், அதில் நடு வளையம் 11.5 மில்லிமீட்டர் இருக்கும். "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று ஒரு சித்தப்பா கேட்டார். 2024 பாரிஸில் ஒரே ஒலிம்பிக்ஸில் இரண்டு வெண்கலம் வாங்கிய மனு பாக்கரையும், கடலூரில் பிறந்து அதே ஒலிம்பிக்ஸில் ஏர் ரைபிள் சுட்ட இளவேனில் வாலறிவனையும் சொன்னேன். அத்தோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்போது "எங்க பிள்ளையையும் அனுப்பட்டுமா" என்கிறவர்களுக்கு. அனுப்புங்கள், ஆனால் எதற்காக என்று யோசித்துவிட்டு அனுப்புங்கள். அப்பாவிடம் துப்பாக்கியோடு போட்டோ எடுக்க முடியாது. ஸ்டேட்டஸ் கிடையாது, ரீல்ஸ் கிடையாது. அட்டையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். வீரப் பரம்பரை, நம்ம ரத்தம் என்றெல்லாம் பேசிக்கொண்டு வருகிறவர்களைப் பக்கத்தில் சேர்க்கவே மாட்டார். அந்தப் பேச்சைக் காதில் வாங்கிய பிள்ளைக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற எதுவும் ஏறாது.

இன்னொன்று, பறவை. இதில் எனக்குக் கோபமே வரும். ஏர்கன் வாங்கிக் கொடுத்துவிட்டு "போய்க் கொக்கு அடி" என்று தோப்புக்குள் அனுப்புகிற அப்பாக்கள் இருக்கிறார்கள். உண்டிவில்லால் ஓணான் அடித்த தலைமுறைக்கு இது தப்பாகத் தெரியவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம்ம கூந்தன்குளத்தைப் பாருங்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடிகூடப் போடாத ஊர். வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினால் எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கிற வரை காக்கிறார்கள். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதற்கு முன்பிருந்தே அப்படித்தான். அந்த மாவட்டத்துப் பிள்ளை உயிரைக் குறிபார்க்கப் பழகக் கூடாது. அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "காகிதம் மட்டுந்தான்."

பலூன் சுடுகிற கடையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனித் திருவிழா பொருட்காட்சியிலும் குற்றாலம் சீசனிலும் பிள்ளைகள் முதன்முதலாகத் துப்பாக்கி பிடிப்பது அங்கேதான். கடைக்காரர் குண்டு போட்டுத் தயாராகக் கையில் தருகிறார், பிள்ளை அதை வைத்துக்கொண்டே "அப்பா, இங்க பாரு" என்று திரும்புகிறது. அப்பா போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார். குழல் நேராக அவரைத்தான் பார்க்கிறது. அந்தக் கடைக்காரர் வயிற்றுப்பாட்டுக்கு நடத்துகிறார், கடையை மூடச் சொல்லவில்லை. துப்பாக்கியைப் பலகையோடு சேர்த்து ஒரு சங்கிலியில் கட்டி, பக்கவாட்டில் திரும்பாமல் செய்தால் போதும். இரண்டு மூன்று கண்ணாடி வாங்கி வைக்கட்டும். பொருட்காட்சிக்கு அனுமதி தருகிறவர்கள் இதை நிபந்தனையாகவே போடலாம்.

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு: 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு மேல் சக்தி இல்லாத ஏர்கன்னுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசன்ஸ் தேவையில்லை. லைசன்ஸ் இல்லை என்பதால் பொம்மை என்று அர்த்தமில்லை. காட்டுப்பன்றிக்காக லைசன்ஸ் எடுத்து வைத்திருக்கிற தோட்டாத் துப்பாக்கியை இதோடு சேர்த்துப் பேசவே கூடாது. 21 வயது ஆகாதவர் அதை வைத்திருக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டமே சொல்கிறது. பயிற்சிக்கு உள்ள விதிவிலக்கும் அதற்குரிய நிபந்தனைகளோடுதான், தோப்பில் வைத்து மாமா பழக்குவதற்கு இல்லை. உங்கள் வீட்டில் பட்டாளத்துத் தாத்தாவோ போலீஸ் தாத்தாவோ இல்லையென்றால் பிள்ளையை என்சிசி உள்ள பள்ளிக்கூடத்தில் சேருங்கள், அல்லது முறையாக நடக்கிற ரைபிள் கிளப் பக்கத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். யூடியூப் பார்த்து நீங்களே ஆரம்பிக்காதீர்கள்.

எந்த வயதில் என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். வயதை விட, "நில்" என்றால் நிற்கிற பிள்ளையா என்று பார்க்கச் சொல்கிறார் அப்பா. சின்னவனைப் போன வருஷம் சேர்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து அக்கா சுட்டதை எண்ணிக் கணக்கு எழுதினான், அவ்வளவுதான். துப்பாக்கி பீரோவில் பூட்டி இருக்கும், பெல்லட் டப்பா வேறொரு அறையில், சாவி தாத்தாவின் இடுப்பு பெல்ட்டில். ஆச்சிக்குக்கூட அவர் தருவதில்லை. ஏர்கன் வாங்கப் போகிறவர்கள் முதலில் பூட்டு வாங்குங்கள்.