அடித்துக்கொண்டால் சமாதானம் வராது

"இரண்டு பூனைகளையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள், இரண்டு நாள் அடித்துக்கொண்டு யார் பெரியவர் என்று முடிவு செய்துவிடும்" என்று, வீட்டில் இருக்கும் பூனையோடு புதிய பூனையைப் பழக்குவது பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். சண்டை போட்டுச் சமாதானமாவது பூனைகளின் வழக்கம் அல்ல. முதல் நாள் அடிதடி பெரும்பாலும் பகையாகவே தங்கிவிடும். பூனைக்கடி வேறு பொல்லாதது: வெளியே ஊசித்துளை அளவே தெரியும், சில நாள் கழித்து உள்ளே சீழ் கட்டி வீங்கும்.

புதிய பூனைக்கு முதலில் தனி அறை. உணவு, தண்ணீர், மலஜலம் கழிக்க மணல் தட்டு எல்லாம் அங்கேயே. முகம் பார்க்கும் முன் வாசனை பழக வேண்டும். ஒன்றின் கன்னத்தில் துணியைத் தேய்த்து மற்றதன் படுக்கையருகே போடுங்கள். எங்கள் கிழட்டுப் பூனை முதல் நாள் அந்தத் துணியைப் பார்த்தே சீறியது. நான்காம் நாள் அதன்மேல் சுருண்டு தூங்கியது!

பிறகு மூடிய கதவின் இருபுறமும் உணவு வையுங்கள். இரண்டும் பதறாமல் தின்றால் கிண்ணங்களைச் சிறிது சிறிதாகக் கதவை நோக்கி நகர்த்தலாம். அதன் பின்னரே வலைத்தடுப்பு வழியாகச் சில நிமிடச் சந்திப்பு.

சீறினால் அதட்டாதீர்கள், 'தள்ளி நில்' என்று சொல்கிறது, அவ்வளவுதான். சத்தமின்றி வெறித்துப் பார்ப்பதும், மணல் தட்டுக்குப் போகும் வழியை மறித்து உட்காருவதும்தான் கவலைக்குரியவை. ஆகவே இரண்டு பூனைகளுக்கு 3 தட்டுகள், வெவ்வேறு இடங்களில். இதற்கெல்லாம் வாரங்கள் ஆகும், சில ஜோடிகளுக்கு மாதங்கள்கூட.